பெயிண்ட்பால் மார்க்கர் (சாயப்பந்து சுடும் துப்பாக்கி) வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது, மைதானத்தில் காக் ஆக (அடுத்த பந்தைச் சுடத் தயாராக) மறுக்கிறது. உதவுங்கள்

குளிர்காலப்பறவை:
வணக்கம். டொராண்டோ பக்கம் இருக்கிறேன். போன மாதம் ஒரு பழைய 0.68 அங்குல ப்ளோபேக் மார்க்கர் (சுடும் வாயுவாலேயே மறுபடி காக் ஆகும் வகை) வாங்கினேன், கூடவே 20 அவுன்ஸ் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். பேஸ்மென்ட்டில் வெறுமனே சுட்டுப் பார்த்தால் அருமையாக ஓடுகிறது. சனிக்கிழமை மைதானத்தில் முதல் பத்துப் பந்து சரியாகப் போனது. அப்புறம் டிரிகரை ஒருமுறை அழுத்தினால் தையல் மெஷின் மாதிரி தடதடவென்று அடிக்கிறது, பந்து பத்தடியில் பொத்தென்று விழுகிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?

பழையபம்ப்:
ஸ்பிரிங்கைத் தொடாதீங்க தம்பி. அன்றைக்கு எவ்வளவு குளிர்? சிலிண்டர் கழுத்தில் பனி படிந்ததா?

குளிர்காலப்பறவை:
2 டிகிரி அண்ணா. ஆமாம், வெள்ளையாகப் படிந்திருந்தது.

பழையபம்ப்:
அதுதான் விஷயம். ஹேமர் (உள்ளே ஸ்பிரிங் தள்ளும் சுத்தியல்) முன்னால் பாய்ந்து வால்வை அடிக்கும். வெளிவரும் வாயுவில் ஒரு பங்கு பந்தைத் தள்ளும், மறு பங்கு ஹேமரைப் பின்னால் எறியும். அங்கே சியர் (டிரிகரோடு சேர்ந்த கொக்கி) பிடித்துக்கொண்டால்தான் காக். அழுத்தம் போதவில்லை என்றால் ஹேமர் பாதியிலேயே திரும்பி மறுபடி வால்வை அடிக்கும். உங்கள் தையல் மெஷின் சத்தம் அதுதான். சிலிண்டருக்குள் 21 டிகிரியில் 850 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கம் இருப்பது, 0 டிகிரியில் 500-க்கு இறங்கிவிடும். வேகமாகச் சுட்டால் சிலிண்டர் இன்னும் குளிரும். பேஸ்மென்ட்டில் ஓடியதற்குக் காரணம் உங்கள் வீட்டு ஹீட்டர்!

1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் முதல் பெயிண்ட்பால் ஆட்டம் ஆடியவர்கள், மரங்களுக்குக் குறி போடும் நெல்ஸ்பாட் 007 துப்பாக்கியை வைத்துத்தான் ஆடினார்கள். ஒவ்வொரு பந்துக்கும் கையால் காக் பண்ண வேண்டும். நீங்களும் அந்தக் காலத்துக்குப் போய்விட்டீர்கள். குளிரில் அழுத்தம் இப்படி இறங்காத ஏர் சிலிண்டருக்கு (அழுத்திய காற்று அடைத்தது) மாறுங்கள்.

குளிர்காலப்பறவை:
மாறினேன் அண்ணா, இப்போது இன்னும் மோசம். பழைய ஏர் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. மீட்டரில் 2800 காட்டுகிறது. ஆனால் முதல் பந்துக்கே காக் ஆகவில்லை, வீட்டுக்குள்ளேயும்தான்.

ஓரிங்_ஓனர்:
மீட்டர் காட்டுவது உள்ளே அடைத்திருக்கும் அழுத்தம். மார்க்கருக்குப் போவது ரெகுலேட்டர் (சிலிண்டர் வாயில் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) விடுகிற அளவுதான். 450 விடும் சிலிண்டரும் உண்டு, 800, 850 விடும் சிலிண்டரும் உண்டு. ப்ளோபேக்குக்கு 450 பத்தாது. ரெகுலேட்டர் மேல் என்ன எழுதியிருக்கிறது?

குளிர்காலப்பறவை:
450. தலையில் அடித்துக்கொண்டேன். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

(நான்கு நாள் கழித்து)
மைதானத்துக்காரர் 800 விடும் சிலிண்டர் ஒன்றைக் கடன் கொடுத்தார். இப்போது ஓடுகிறது. ஆனால் இருபதுக்கு ஒன்று இன்னும் காக் ஆகாமல் சறுக்குகிறது.

ஓரிங்_ஓனர்:
சரி, இனி திறக்கலாம். முதலில் ஹாப்பரை (பந்து நிரப்பும் டப்பாவை) எடுங்கள், பேரலில் (சுடும் குழலில்) பந்து இல்லை என்று பாருங்கள். சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மிச்ச வாயுவைச் சுட்டுத் தீருங்கள். அப்புறம் ஹேமரில் உள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) பாருங்கள்.

குளிர்காலப்பறவை:
ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது. நகத்தால் கீறினால் கறுப்புப் பொடி உதிர்கிறது. துரு நீக்குகிற ஸ்ப்ரே அடிக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் டப்பாவோடு நிற்கிறார்.

ஓரிங்_ஓனர்:
அவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். அது ரப்பரைக் கெடுக்கும். புது ஓ-ரிங் போட்டு, பெயிண்ட்பால் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள், போதும்.

குளிர்காலப்பறவை:
போட்டேன். நூறு பந்து, ஒன்றுகூடச் சறுக்கவில்லை! இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் வேகமானியில் வினாடிக்கு 310 அடி காட்டுகிறது.

பழையபம்ப்:
அதோடு உள்ளே விடமாட்டார்கள், 280 என்பதுதான் பல மைதானங்களில் வரம்பு. வேகத் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் சுட்டுப் பாருங்கள். சில மாடலில் உள்ளே திருகினால் குறையும், சிலதில் கூடும்.

குளிர்காலப்பறவை:
இதில் உள்ளே திருகினால் குறைகிறது. இப்போது 274.