புதுப்பிப்பு: அப்பாவின் பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்தது

74 வயது அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், இந்த வயதில் அறுவை சிகிச்சையைத் தாங்குவாரா என்று 6 வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அறுவை முடிந்து இன்று 12ஆம் நாள், அப்பா வீட்டில் இருக்கிறார்.

நான் வயதையே நினைத்துப் பயந்தேன். மருத்துவரோ வேறு விஷயங்களைத்தான் துருவித் துருவிக் கேட்டார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எடை குறைந்ததா, இதயமும் சிறுநீரகமும் எப்படி, புகைபிடிப்பாரா. குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசரமாகச் செய்யும் அறுவையில்தான் உயிரிழப்பு பல மடங்கு அதிகமாம். எங்களுக்குத் திட்டமிட நேரம் இருந்தது. அப்பாவுக்கு ரத்தசோகை, ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதமும் 3.5-க்குக் கீழே. இரண்டுமே சிக்கலைக் கூட்டுபவை. அதனால் 3 வாரம் தள்ளிவைத்து, இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றி, புரதம் கூட்டி, தினமும் நடக்க வைத்தோம். சிகரெட்டை அன்றே விட்டார். எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

அப்புறம், புற்றுநோய்ப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் குடலை இணைத்த இடம் கசிந்துவிடுமோ என்ற பயம். 5ஆம் நாள் காய்ச்சல், நாடித்துடிப்பு 110. உடனே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு இல்லை, நுரையீரல் தொற்று. ஆன்டிபயாட்டிக்கில் சரியானது. இதே நிலையில் இருப்பவர்களே, காய்ச்சலோ படபடப்போ புதிய வயிற்றுவலியோ வந்தால், விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

காலில் ரத்தம் உறையாமல் இருக்க 28 நாள் ஊசி, இன்னும் 16 பாக்கி. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் நிணநீர் முடிச்சுகளின் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வருகிறது. வந்ததும் எழுதுகிறேன்.