மாதக்கணக்கில் மாறாத தோல் தடிப்பு: யாழ்ப்பாணத்திலிருந்து சிலரின் அனுபவங்கள்

கோப்பாய், ஆசிரியை:

தோலில் சிவந்து தடித்துக் கடிக்கும் தடிப்பு ஆறு வாரங்களைத் தாண்டியும் வந்து வந்து போனால் அதை நாட்பட்ட தடிப்பு என்கின்றார்கள். சில ஆண்டுகளாக எனக்கு இருப்பது அதுதான். இந்த நோயுள்ள பெரியவர்கள் நம்மிடையே பலர் இருந்தும் யாரும் வெளியில் சொல்வதில்லை என்பதால் இதை எழுதுகின்றேன். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கின்படி, ஆசியாவில் ஏறத்தாழ 1.4 வீதமானோருக்கு இது இருக்கின்றது, ஐரோப்பாவில் 0.5 வீதம்தான். கலியாண மண்டபத்தில் நூறு பேர் பந்தியில் இருந்தால் அதில் ஒருவராவது உடுப்புக்குள்ளே சொறிந்துகொண்டிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பெண்களுக்கு வருவதாலும், 20 முதல் 40 வயது வரையில் கூடுதலாகக் காணப்படுவதாலும், அவர் ஓர் இளம் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனக்குப் பின்னேரத்தில் பாவாடை நாடா இறுகிய இடுப்பைச் சுற்றித் தொடங்கி, படுக்கும் நேரத்தில் தொடை, முதுகு, உள்ளங்கால் என்று பரவும். விடிவதற்குள் பெரும்பகுதி மறைந்துவிடும். கிளினிக்கில் முறை வந்து கையை நீட்டும்போது அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இராது. நித்திரையில்லாத முகம் மட்டும் இருக்கும். இந்த நோயின் பாரம் பாதிக்கு மேல் அதுதான் என்பது என் எண்ணம். தோல் வைத்தியர் சொன்னபடி, ஒரு தடிப்பைச் சுற்றிக் குமிழ்முனைப் பேனையால் வட்டம் கீறிக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். மறுநாள் வட்டம் நீல மையுடன் அப்படியே இருந்தது. உள்ளே தோல் வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் மறைவது இந்நோயின் இயல்பு என்றும், அதற்கு மேலும் நின்று, கடியை விட நோவு கூடி, கண்டிய நிறத்தில் தழும்பு விட்டால் இரத்தக்குழாய் அழற்சியா என்று தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கிரந்திச் சாப்பாட்டின் மேல்தான் பழி. நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி என்று ஒவ்வொன்றாக என் கோப்பையிலிருந்து போயின. வீட்டில் ஒடியற்கூழ் காய்ச்சிய நாட்களில் எனக்கு மட்டும் தனியே சோறும் பருப்பும். மெலிந்தேனே தவிரத் தடிப்பு குறையவில்லை. உணவு ஒவ்வாமை என்றால் சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், அதே உணவை உண்ணும் ஒவ்வொரு முறையும் வரும். நினைத்த நேரத்தில் மாதக்கணக்கில் வருவதற்கு உணவு காரணமாவது அரிது. தோலிலுள்ள மாஸ்ட் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள், கடியை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுவதாலேயே தடிப்பு உண்டாகின்றது. பலரில் அவற்றைத் தூண்டுவது நம் உடலே தனக்கு எதிராக உண்டாக்கும் பிறபொருளெதிரிகள். உடல் தனக்கு எதிராகத் திரும்பும் நோய் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியிலும் வரலாம் என்பதால் அதையும் பரிசோதித்தார்கள்.

சுன்னாகம், ஓட்டோச் சாரதி:

ரீச்சர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகின்றேன். எனக்குத் தடிப்பை விட வீக்கம்தான் பெரிய தொல்லை. காலையில் மேலுதடு தொங்கியபடி ஸ்ராண்டுக்குப் போனால் யாரோடு அடிபட்டாய் என்று கேட்பார்கள். முதுகு நோவுக்கு டைக்குளோபினாக் குடித்த நாட்களில் அது மோசமானது. அவ்வகை நோவுக் குளிசைகள் இந்நோயுள்ளவர்களில் சிலருக்கு நோயைக் கிளப்பும் என்பதைக் கிளினிக்கில்தான் அறிந்தேன். நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வீட்டில் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குப் போகும்படியும் சொன்னார்கள்.

கடிக்கு முன்பு குடித்த குளோர்பெனிரமீன் குளிசை நித்திரையாக்கும். அதைக் குடித்துவிட்டு ஆட்களை ஏற்ற முடியாது. இப்போது நித்திரை குறைந்த பெக்ஸோபெனடீன் தந்திருக்கின்றார்கள். கடிக்கும்போது மட்டும் போடாமல் நாள் தவறாமல் போட வேண்டும். போதாவிட்டால் வைத்தியரே நாலு மடங்கு வரை கூட்டுவார்.

பருத்தித்துறை, மருந்தாளர்:

கடி தாங்காமல் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கேட்டுப் பலர் வருகின்றார்கள். போட்டவுடன் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு என்று வேறு நோய்களைக் கொண்டுவரும். கடுமையாகும்போது வைத்தியர் சில நாட்களுக்கு எழுதுவதைத் தவிர, பழைய மருந்துத் துண்டை நீட்டிக் கேட்டால் நான் கொடுப்பதில்லை. அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கின்றேன்.

நல்லூர், வாசகி:

எனக்குக் கலியாணம் பேசும் காலம். கழுத்தில் தடிப்பைக் கண்ட ஒரு வீட்டார் இது தொற்றுமா என்று தரகரிடம் கேட்டிருக்கின்றார்கள். தொற்றாது என்று அம்மா எத்தனை தரம் சொல்வார்? அதற்குப் பின் வெக்கையிலும் நீளக்கைச் சட்டைதான் போடுகின்றேன். வியர்த்தால் இன்னும் கடிக்கின்றது. இது எப்போதாவது மாறுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

கோப்பாய், ஆசிரியை:

தங்கச்சி, பெரும்பாலானோருக்கு இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தானாக அடங்கிவிடும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் அதற்கு மேலும் நீடிக்கும். குளிசைக்கு அடங்காதவர்களுக்கு 2014 முதல் ஒமலிசுமாப் என்ற ஊசி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகரிக்கப்பட்டுள்ளது. 4 வாரத்துக்கு ஒரு முறை 300 மில்லிகிராம் போடுவார்கள். விலை அதிகம் என்பதால் வைத்தியரிடம் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெக்கைக்கும் வியர்வைக்கும் மட்டும் சிறு பொட்டுகளாக வருமானால் அது வேறு வகை, அதையும் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு முன் ஒரு கொப்பியில் நாள்தோறும் தடிப்புக்கு 0 முதல் 3 வரையும் கடிக்கு 0 முதல் 3 வரையும் (0 என்றால் இல்லை, 3 என்றால் மிகக் கடுமை) புள்ளி எழுதி, ஏழு நாளையும் கூட்டுங்கள். அதிகபட்சம் 42. கூட்டுத்தொகை 28 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நோய் கட்டுப்பாட்டில் இருக்கின்றது. நான் அந்தக் கொப்பியைக் கொண்டுபோன நாளில்தான் என் குளிசையின் அளவைக் கூட்டினார்கள்.