9 மணிக்கே படுத்தும் தூக்கம் வரவில்லை, வந்தாலும் 3 மணிக்கு விழிப்பு

விழித்திரு கேட்டது:

சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை. முன்பெல்லாம் 11 மணிக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுவேன். இப்போது தூக்கம் போதவில்லையே என்று 9 மணிக்கே படுக்கிறேன், ஆனாலும் 11.30 வரை புரண்டுகொண்டுதான் இருக்கிறேன். எப்படியோ தூங்கினால் 3 மணிக்கு விழிப்பு. உடனே மணியைப் பார்ப்பேன், விடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடுவேன், அவ்வளவுதான், அதற்கு மேல் தூக்கம் வராது. விடியும் நேரத்தில் கண் அசரும், அலாரத்தை அணைத்துவிட்டு 7.30 வரை படுத்திருப்பேன். பகல் முழுக்கத் தலை பாரம், அதனால் 5 மணி வாக்கில் ஒரு காபி. விடுமுறை நாளில் மதியம் மட்டும் அடித்துப் போட்டது போலத் தூங்குகிறேன். வேலையில் நெருக்கடி இருந்தபோதுதான் இது ஆரம்பித்தது. நெருக்கடி போய்விட்டது, தூக்கம் திரும்பவில்லை. இப்போது படுக்கும் நேரம் நெருங்கினாலே பயமாக இருக்கிறது. மாத்திரை போடலாமா?

நடுச்சாமம் எழுதியது:

மாத்திரை இருக்கட்டும், நீங்கள் எழுதியதிலேயே பாதிக் காரணம் தெரிகிறது. 9 முதல் 7.30 வரை பத்தரை மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள், தூங்குவது 5 மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் படுக்கை என்றாலே விழித்துக் கிடந்து கவலைப்படும் இடம் என்று மூளைக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் அங்கிருந்துதான் வருகிறது.

தூக்கத்தைக் கெடுத்த காரணம் வேறு, கெட்ட தூக்கத்தை அப்படியே நீடிக்க வைக்கும் காரணம் வேறு. இதை 1980களிலேயே ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற உளவியலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வேலை நெருக்கடி முதல் வகை. சீக்கிரம் படுப்பது, காலையில் கூடுதலாகக் கிடப்பது, மதியத் தூக்கம் இதெல்லாம் இரண்டாவது வகை. தூக்கத்தை ஈடுகட்ட நாம் செய்வதே அதைத் தொடர்ந்து கெடுக்கிறது.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது ஏற ஏறத்தான் கண் சொருகும். மதியம் நீண்ட நேரம் தூங்கினால் சேர்ந்தது கரைந்துவிடும், இரவுக்கு மிச்சம் இருக்காது. கஃபீன் அதைக் கரைப்பதில்லை, அடினோசின் போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. பலருக்குக் குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 5 மணிக் காபி 10 மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மதியத்தோடு நிறுத்துங்கள், டீயும் கோலாவும் அதே கணக்குதான்.

செய்ய வேண்டியதில் முதலாவது, எழும் நேரம். எப்போது தூங்கினாலும், விடுமுறையானாலும், ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்குப் போங்கள். உடலின் கடிகாரத்தைத் திருத்துவதில் காலை வெளிச்சத்துக்கு இணையாக ஒன்றுமில்லை. தூக்கம் கண்ணைக் கட்டும்போது மட்டும் படுங்கள். வெறும் களைப்பு வேறு, தூக்கம் வேறு. படுத்து வெகு நேரம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் மங்கிய விளக்கில் ஏதாவது அமைதியாகச் செய்யுங்கள், மறுபடி கண் சொருகினால் வந்து படுங்கள். ஒரே இரவில் நாலைந்து முறை எழ வேண்டி வந்தாலும் சரி.

செவிலி_இரவுப்பணி எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறதா என்று அருகில் தூங்குபவரிடம் கேளுங்கள், நமக்கே தெரியாது. காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது, இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடையா என்று பரிசோதிக்க வேண்டும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஒல்லியானவர்களுக்கும் வரும்.

மாலையானால் கால் குடைந்து, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறதா? அப்படியென்றால் இரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் புரதம்) அளவு பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவால் அது வரலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் தூக்கம் போகும். ஸ்டீராய்டு, மூக்கடைப்பு மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் தூக்கத்தைக் கெடுக்கும், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். மது குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பது உண்மைதான், பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும். அதிகாலை விழிப்போடு எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்திருந்தால், தயவுசெய்து அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தலையணை எழுதியது:

3 மணி விழிப்பை நினைத்துப் பதற வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிடும், அதற்குப் பிறகு தூக்கம் லேசாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் இடையிடையே விழிப்பு வரும், பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. உங்களை எழுப்பி உட்கார வைப்பது அந்தக் கணக்குப் போடும் வேலைதான். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள், போனை எட்டாத இடத்தில் வையுங்கள். போன் வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், என்னைக் கேட்டால் அதில் படிக்கும் செய்தியும் சண்டையும்தான் கூடுதல் கெடுதல். நாளைக்கு என்ன வேலை என்பதைச் சாயங்காலமே தாளில் எழுதி வைத்துவிடுங்கள், படுக்கையில் யோசிக்க அது மிஞ்சாது.

விழித்திரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குறட்டை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன். சரி, அப்படியானால் எத்தனை மணிக்குத்தான் படுப்பது? மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லையே.

நடுச்சாமம் எழுதியது:

இரண்டு வாரம் குறித்து வையுங்கள், தினமும் தோராயமாக எவ்வளவு தூங்கினீர்கள் என்று. சராசரி ஐந்தரை மணி நேரம் என்றால் படுக்கையில் இருப்பதும் அவ்வளவுதான். காலை 6.30க்கு எழ வேண்டுமா, நள்ளிரவு 1 மணிக்குப் படுங்கள். சராசரி அதைவிடக் குறைந்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள். படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்ததும் படுக்கும் நேரத்தை வாரம் 15 நிமிடம் முன்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள். இதுதான் சிபிடி-ஐ என்ற, மாத்திரை இல்லாமல் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றித் தூக்கமின்மையைச் சரிசெய்யும் சிகிச்சையின் முக்கியமான பகுதி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை அல்ல, இந்தச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016ல் பரிந்துரைத்தது.

மாத்திரை சில சமயம் தேவைப்படும், ஆனால் மருத்துவர் சொல்லி, கொஞ்ச நாளுக்கு மட்டும். பல தூக்க மாத்திரைகளுக்கு உடல் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும். ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு அது சில நாளிலேயே வேலை செய்யாமல் போகும், மறுநாள் காலையிலும் மந்தமாக இருக்கும்.

நேரத்தைக் குறைக்கும் முதல் வாரங்களில் பகலில் தூக்கம் தள்ளும். அப்போது வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ இருந்தால், அல்லது வண்டியும் எந்திரமும் ஓட்டுவதே வேலை என்றால், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.