15 வயசு பையன் ரெஃப்ரியா போறான், ஒரு பேரண்ட் மிரட்டுறார் – லூசியானால இதுக்கு சட்டம் இருக்கா?

பேட்டன்ரூஜ்_அப்பா:
வணக்கம் மக்களே. நாங்க லூசியானால பேட்டன் ரூஜ் பக்கம். பையன் ரெஃப்ரி கோர்ஸ் முடிச்சுட்டு சனிக்கிழமையானா ரெக் லீக்ல (ரெக்ரியேஷன் லீக், பொழுதுபோக்குக்கு ஆடற உள்ளூர் லீக்) பத்து வயசுக்குள்ள பசங்க சாக்கருக்கு விசில் ஊதப் போறான், மேட்ச்சுக்கு ஏதோ 20-30 டாலர் குடுப்பாங்க, காசுக்காக இல்ல, நாலு பேர் முன்னாடி தைரியமா நின்னு பழகட்டும்னு தான் அனுப்பினோம். போன வாரம் ஹேண்ட்பால் குடுக்கலன்னு ஒரு அப்பா மேட்ச் பூரா லைன்ல நின்னு கத்திக்கிட்டே இருந்திருக்கார். சரி கத்தட்டும், ஆனா முடிஞ்சப்புறம் பார்க்கிங் வரைக்கும் பின்னாடியே வந்து சைக்கிள் ஹேண்டில்பார புடிச்சுக்கிட்டு, விடாம, "அடுத்த வாரமும் இங்க தான வருவ, அப்ப இருக்கு உனக்கு"ன்னு சொல்லியிருக்கார். பையன் மேல கை வைக்கல. லீக்ல கேட்டா "பேசறோம்"னு இழுக்கறாங்க. வீட்ல அவங்கம்மா இனிமே போகவே வேணாங்கறா. அடிக்காம மிரட்டினா மட்டும் கேஸ் ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விசில்_மாமா:
தம்பி, நீங்க இருக்கற ஸ்டேட்ல ஆகும். நான் கலிஃபோர்னியால ரொம்ப வருஷமா ஊதறேன், எங்க ஊர்ல பீனல் கோட் 243.8னு ஒண்ணு இருக்கு, ரெஃப்ரிய அடிச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 2,000 டாலர் வரைக்கும் ஃபைன். ஆனா அது கை வச்சா தான். லூசியானா 2019ல ஒரு படி மேல போயி, அடிக்கறது தனிக் குற்றமா முன்னாடியே இருந்ததோட, ஸ்கூல் இல்ல ரெக்ரியேஷன் மேட்ச் அஃபிஷியல ஹராஸ் பண்றதையும் குற்றமாக்கிட்டாங்க. 500 டாலர் வரைக்கும் ஃபைன், 90 நாள் வரைக்கும் உள்ள, கூடவே 40 மணி நேரம் கம்யூனிட்டி சர்வீஸ், கவுன்சிலிங்கும் போகணும். முக்கியமான விஷயம், அடிபடுவோம்னு ஒரு சாதாரண மனுஷனுக்கு பயம் வர்ற மாதிரி பேச்சோ நடத்தையோ இருக்கணும். "குருட்டு ரெஃப்ரி"னு கத்தினா இதுல வராது. உங்க கேஸ்ல சைக்கிள புடிச்சு நிறுத்தினது, அடுத்த வாரம் இருக்குன்னு சொன்னது, ரெண்டையும் சேத்துப் பாருங்க. பார்க்கிங்னும் யோசிக்காதீங்க, கிரவுண்டுக்குள்ள இருக்கும்போது மட்டும் இல்ல, மேட்ச் நடக்கற இடத்துக்கு பக்கத்துலயே வச்சு, அவன் ஊதினத காரணமா வச்சு மிரட்டினாலும் அந்த சட்டம் பேசுது.

ஹூஸ்டன்வாசி:
ஏங்க ஒரு ரெக் லீக் சண்டைக்கு ஷெரிஃப் வரைக்கும் போகணுமா? நாளைக்கு அவர் பொண்ணும் உங்க பையனும் ஒரே ஸ்கூல்ல படிக்கற ஆளா இருப்பாங்க. எங்க டெக்சாஸ்லயும் இருக்கு, வெளியாள் ஒருத்தர் ரெஃப்ரிய மிரட்டினாலே கிளாஸ் பி மிஸ்டிமீனர் (சின்ன குற்ற வகை), 180 நாள் வரைக்கும் ஜெயில், மேட்ச்ச மனசுல வச்சுக்கிட்டு அப்புறமா வந்து மிரட்டினாலும் சேரும். பேப்பர்ல எல்லாம் சூப்பரா தான் இருக்கு. எங்க லீக்ல எத்தனையோ தடவ இதே கூத்து நடந்திருக்கு, ஒருத்தரும் கம்ப்ளைண்ட் குடுத்து நான் பாத்ததில்ல, ரெஃப்ரி தான் அடுத்த சீசன் வராம போயிடுவார்.

விசில்_மாமா:
அதத்தான் ஐயா நானும் சொல்றேன், வராம போறாங்க. 2018-19ல இருந்து மூணு நாலு சீசன்ல ஹைஸ்கூல் அஃபிஷியல்ஸ் மட்டும் சுமார் 50,000 பேர் விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஹைஸ்கூல் விளையாட்டுக்கான தேசிய கூட்டமைப்பே சொல்லிச்சு. இன்னொண்ணு, 2013ல யூட்டால ரிக்கார்டோ போர்ட்டியோன்னு ஒரு ரெஃப்ரி, மஞ்சள் கார்டு காட்டிட்டு குனிஞ்சு நோட்ல எழுதிட்டு இருந்தப்ப 17 வயசு கோல்கீப்பர் ஒரே ஒரு குத்து விட்டான், ஒரு வாரத்துல மனுஷன் போயிட்டார். அதுவும் ரெக்ரியேஷன் லீக் தான். அதனால ரெக் லீக் தானேங்கற பேச்சு என்கிட்ட வேணாம்.

மலர்_என்ஜே:
சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் பொண்ணும் ரெஃப்ரி, அத வச்சு சொல்றேன். ஸ்பெக்டேட்டருக்கு கார்டு காட்ட முடியாது, ஆனா கோச்சுக்கு காட்டலாம், அதனால கத்தறவர் கிட்ட உங்க பையன் நேரா பேசவே கூடாது, மேட்ச்ச நிறுத்திட்டு அந்த டீம் கோச்ச கூப்பிட்டு "அவர அமைதியா இருக்க சொல்லுங்க"ன்னு முதல்ல கேக்கணும், அடுத்தது கண்டிப்பா சொல்லணும், அப்பவும் அடங்கலன்னா அவர் கிரவுண்ட விட்டு போனா தான் ஆட்டம்னு பால கைல எடுத்துட்டு நின்னுடணும். போகலன்னா மேட்ச்ச கைவிட ரூல்லயே அதிகாரம் இருக்கு. பத்து வயசு பசங்க பாவம் தான், ஆனா அந்த டீம் பேரண்ட்ஸே அவர தள்ளிட்டுப் போயிடுவாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன் 😄

அண்ணா, முக்கியமா ரிப்போர்ட். லீக்ல வாய்ல சொன்னா "பேசறோம்"னு தான் வரும். எழுத்துல குடுங்க, தேதி, ஃபீல்டு, எந்த டீம் சைடு, அவர் சொன்ன வார்த்தை அப்படியே (நாகரிகமா மாத்தி எழுதாதீங்க), சைக்கிள புடிச்சது, யார் யார் பாத்தாங்க எல்லாம். லீக் யு.எஸ். சாக்கர்ல (அமெரிக்க தேசிய சாக்கர் அமைப்பு) சேர்ந்ததுன்னா ஸ்டேட் ரெஃப்ரி கமிட்டிக்கும் காப்பி அனுப்புங்க. 2025 மார்ச்ல இருந்து ரெஃப்ரி அப்யூஸுக்கு அவங்களோட புது பாலிசி வந்திருக்கு, எந்த தப்புக்கு குறைஞ்சது எவ்ளோ தண்டனைன்னு எழுதியே வச்சிருக்காங்க, ரெஃப்ரி மைனரா இருந்தா இன்னும் கூடும்.

பேட்டன்ரூஜ்_அப்பா:
எல்லாருக்கும் நன்றிங்க. ஹூஸ்டன் சார் சொன்னதுதான் ரெண்டு நாளா மண்டைல ஓடிட்டு இருந்தது, ஆனா பையன கூப்பிட்டு கேட்டா "நான் போறேன்ப்பா, அதே டீம் மேட்ச் மட்டும் வேணாம்"ங்கறான். இன்னைக்கு ராத்திரி ரிப்போர்ட் எழுதறோம். அவன் எழுதணுமா நான் எழுதணுமா?

மலர்_என்ஜே:
அவன் தான் எழுதணும், அவன் வார்த்தைலயே. நீங்க கீழ பேரண்ட்டா தனியா ஒண்ணு எழுதி கையெழுத்து போடுங்க. வர்ற சனிக்கிழமை பெரியவர் ஒருத்தர ரெஃப்ரி மென்டரா பக்கத்துல நிக்க வைக்க சொல்லி அதே மெயில்லயே கேட்டுடுங்க.

விசில்_மாமா:
லீக்ல இருந்து பதில் வரலன்னா பாரிஷ் (லூசியானால கவுண்டிய அப்படித்தான் சொல்வாங்க) ஷெரிஃப் ஆபீஸ்ல அந்த ரிப்போர்ட் காப்பிய வச்சே கம்ப்ளைண்ட் குடுக்கலாம். ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க, பாத்தவங்க மறந்துடுவாங்க.