ஆறுமணிக்குருவியின் குரலைக் கேட்ட காலை

நாலு வருடத்துக்கு முன், ஓர் ஐப்பசி மாதக் காலையில், மதுரையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு குருவி சோர்ந்து கிடந்தது. முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்று நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணையொட்டிக் கறுப்புப் பட்டை. வால் இருக்கிற இடமே தெரியவில்லை. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, பூனை வராத இருட்டறையில் விட்டோம். தண்ணீர் எதுவும் புகட்டவில்லை. சாயங்காலம் பெட்டியைத் திறந்ததும் எதிர்வீட்டு முருங்கைக்குப் பறந்துவிட்டது. படத்தைப் பார்த்து அது ஆறுமணிக்குருவி என்று சொன்ன அக்காதான் பிறகு என்னைப் பறவை நோக்கும் குழுவிலும் சேர்த்துவிட்டார்.

மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் பறவை இது. இரவில்தான் பறக்கும். வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய்க் கட்டடங்களில் மோதி விழுவதுண்டு. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூப்பிடுவதால் இந்தப் பெயர். அந்தக் குரலைத்தான் நான் கேட்டதேயில்லை.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் அழகர்கோயிலுக்குக் கிளம்பினோம். அப்பன் திருப்பதியில் டீ குடிக்கும்போது இன்னும் இருட்டு. மலையடிவாரத்தில் இறங்கி, குரங்குகள் விழிப்பதற்குள் பைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு மரங்களுக்குள் நடந்தோம். குயில் கூவிக்கொண்டிருந்தது. செம்மார்புக் குக்குறுவான் எங்கோ உச்சியிலிருந்து டொங், டொங் என்று தட்ட ஆரம்பித்தது.

அப்புறம் கேட்டது. இரண்டே சீழ்க்கை. முதலாவது மேலே ஏறி, இரண்டாவது வழுக்கி இறங்கியது. அக்கா கையை உயர்த்தியதும் எல்லோரும் நின்றோம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. ஓடைப் பக்கம் மூன்றாவது.

புதிதாக வந்த தம்பி ஒருவர், செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வெளியே வருமே என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். அக்கா மெதுவாகச் சொன்னார்: "வேணாம்ப்பா. அழகர் ஆத்துல இறங்குற சமயத்துல இதுவும் வடக்கே கிளம்பிரும். இது தின்னு உடம்பு தேத்துற நேரம். இல்லாத ஒரு குருவியத் தேடி அத அலைய விடலாமா?" தம்பி உடனே போனைப் பையில் போட்டுவிட்டார். அக்கா சொன்னதே சரி. ஒரு கோழிமுட்டை எடைகூடத் தாண்டுமோ தாண்டாதோ, அவ்வளவு சின்ன உடம்பு. அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். எங்களோடு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைதான் முதலில் பார்த்தாள்; சத்தம் போடாமல் என் சட்டையை இழுத்தாள். புதருக்கடியில் சருகு அசைந்தது. தத்தித் தத்தி வந்து, அலகால் ஓர் இலையைப் புரட்டி எதையோ விழுங்கியது. குட்டை வால் மேலும் கீழும் ஆடியது. பிறகு ஒரு வேர்மேல் ஏறி, தலையைப் பின்னால் சாய்த்து, அந்த இரண்டு சீழ்க்கையையும் எங்கள் கண்ணெதிரே கூப்பிட்டது. அன்று கையில் சூடே இல்லாமல் கிடந்த அதே இனம், இப்போது நெஞ்சு முழுக்கக் காற்றை நிரப்பிக் கூப்பிடுகிறது. பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஒரு தோப்பில் சருகைக் கூட்டித் தீ வைத்திருந்தார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை. அந்தச் சருகுக்கடியில்தான் அதன் சாப்பாடு இருக்கிறது. என் வீட்டு வேப்பமரத்தடியை நான் இப்போது பெருக்குவதில்லை.

மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் பார்த்தோம். பட்டியலில் ஆறுமணிக்குருவிக்கு நேரே அக்கா எழுதினார்: பார்த்தது 1, குரல் மட்டும் 2.