புதுப்பிப்பு: 1931 டுயோலியன் கிட்டாரின் இரைச்சல் போய்விட்டது

என் 1931 நேஷனல் டுயோலியன் உலோக ரெசனேட்டர் கிட்டாரில் (உள்ளே உள்ள உலோகக் கூம்பு ஒலியைப் பெருக்கும் வகை) மூன்றாவது கம்பியை மீட்டினால் 'கிர்ர்' என்று இரைகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மூடித் தகட்டின் 9 திருகுகளையும் இறுக்கினேன், மாற்றமில்லை. கம்பி மாற்றியும் பயனில்லை. பலித்தது, "கோனைத் தூக்கி பிஸ்கட்டின் திருகைப் பாருங்கள்" என்ற யோசனைதான். கோன் என்பது அந்தக் கூம்பு; பிஸ்கட் என்பது அதன் நடுவில் இருந்து கம்பிகளின் அதிர்வைக் கடத்தும் மர வட்டு. கம்பிகளைத் தளர்த்தி, சிக்காமல் இருக்கக் கழுத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுவிட்டு, தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒன்பதரை அங்குல அலுமினியக் கோன், அப்பளம் மாதிரி மெல்லிசு. திருப்பினால், நடுவில் மர பிஸ்கட்டைப் பிடிக்க வேண்டிய திருகு விரலுக்கே சுழன்றது! கால் சுற்றுதான் இறுக்கினேன். அதிகம் போனால் கோன் நசுங்கும்.

எதிர்பாராதது ஒன்று: கோன் விளிம்புக்கு அடியில் யாரோ மடித்துச் செருகிய காகிதம். அதையும் எடுத்ததும் ஒலி இன்னும் கூர்மையாகிவிட்டது. மின் பெருக்கி வருமுன், இசைக்குழுவின் ஊதுகருவிகளுக்கு நடுவே கேட்கவென்று உருவான வகை அல்லவா இது. பக்கத்து அறையில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.