கண்ணில் தகடு வைத்து கதிர்வீச்சு: அனுபவம் உள்ள பெற்றோர் சொல்லுங்களேன்

வணக்கம். என் மகளுக்கு 3 வயது. வலது கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரையில் வரும் புற்றுநோய்). கீமோவில் கட்டி சுருங்கியது, ஆனால் ஒரு ஓரத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. அதனால் பிராக்கிதெரபி என்கிறார்கள்: ருத்தேனியம் 106 என்ற கதிரியக்கப் பொருள் உள்ள, சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வெள்ளித் தகட்டைக் கட்டிக்கு நேராகக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்துவிட்டு, சில நாளில் இன்னொரு ஆபரேஷனில் எடுத்துவிடுவார்களாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்வீச்சைவிட முக எலும்புக்குப் பாதிப்பு குறைவு. அதுவரை சரி.

அந்த நாட்களில் குழந்தை கண்ணைக் கசக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? இவள் தூசி பட்டாலே கசக்குவாள். நான் ஆறு மாதக் கர்ப்பிணி, பக்கத்தில் போகக் கூடாது என்றுவிட்டார்கள். இவளோ அப்பாவிடம் தூங்கவே மாட்டாள். இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? அப்புறம், தகடு எடுத்த பிறகு பார்வை எப்படி இருக்கிறது?